‘நாம்’ என்று சொல்ல முடியாத குரல்

முருங்கைக்கீரை ஆய்கிறேன். நீங்களும் ஆளுக்கு ஒரு கொத்து எடுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. எனக்குச் சத்தமாகச் சொல்ல வராது, கிட்டே வந்து உட்காருங்கள்.

அமெரிக்கா என்ற தேசம், ராஜாவே வேண்டாம் என்று சொல்லிப் புதிதாய்ப் பிறந்த காலம். மனிதர்கள் செய்ததைப் பார்த்து அங்கே ஒரு காட்டில் மிருகங்களும் அப்படியே செய்தன. ராஜாவாக இருந்த ஓநாயை ஆற்றின் அக்கரைக்குத் துரத்தின. காட்டெருமையைத் தலைவராக வைத்துக்கொண்டன.

அந்த ஆற்றில் காலையில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்பவர் முகம் தெரியாது. அதனால் துறையில் ஒருவர் காவல் நிற்பார். “யாரது?” என்று கேட்பார். வருகிறவர் “நாம்” என்று சொல்ல வேண்டும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்கிற சொல் அது. கேட்பவரைத் தின்ன வருகிறவன் நாக்கில் அது வராது.

இரண்டு முறை தலைவராக இருந்த காட்டெருமை, மூன்றாம் முறை மாட்டேன் என்று புல்வெளிக்குப் போய்விட்டது. “அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்” என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

“தீனியெல்லாம் ஒரே குகையில் இருக்கட்டும்” என்றது கரடி. “அவரவர் வளை அவரவருக்கு” என்றது நரி. காடு இரண்டு கட்சியானது. அடுத்த கட்சியைச் சேர்த்து ‘நாம்’ என்று சொல்ல எதற்கும் மனசு வரவில்லை. துறையில் “நாங்கள்” என்று சொல்ல ஆரம்பித்தன.

முதல் நாள் பனிக்குள்ளிருந்து “நாங்கள்” என்றது ஒரு குரல். அடுத்த கட்சி ஆள்தானே என்று காவல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்றைக்கு ஒரு முயலைக் காணோம்.

இரண்டாம் நாளும் “நாங்கள்”. அன்றைக்கு ஒரு வாத்தைக் காணோம். உன்னால்தான், உன்னால்தான் என்று கட்சிகள் கத்தின.

மூன்றாம் நாள் நரிக் கட்சி மான் காவல் நின்றது. காலடியில் அதன் குட்டி. தண்ணீர் குடிக்க வந்தது கரடிக் கட்சி முள்ளம்பன்றி.

“என்ன மானக்கா, உங்க நரி அண்ணன் வால் சௌக்கியமா?”

“உங்க கரடி அண்ணன் தூங்கி எழுந்ததும் வந்து பார்க்கச் சொல்லு.”

அப்போது தண்ணீர் அசைந்தது. “யாரது?” என்றது மான்.

“நாங்கள்.”

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. காலடிச் சத்தமே இல்லை. குட்டி தாயின் காலோடு ஒட்டிக்கொண்டது.

“உங்க ஆளா?” என்று மெல்லக் கேட்டது மான்.

“இல்லையே. உங்க ஆள்னு நினைச்சேன்” என்றது முள்ளம்பன்றி.

மான் பனியின் பக்கம் திரும்பியது.

“நாம் என்று சொல்” என்றது மான்.

பனிக்குள் மூச்சு மட்டும் வந்து போனது. “நா...” என்றது குரல். “நா... நா... நாங்...”

முள்ளம்பன்றி ஓடிவந்து குட்டியை மறைத்து, முள்ளை விரித்து நின்றது. “போ. இங்கே நாம் இருக்கிறோம்” என்றது. தண்ணீர் ஒருமுறை கலங்கி அடங்கியது.

கரடியும் நரியும் இன்னும் சண்டைதான். ஆனால் துறையில் மட்டும் எல்லாம் ‘நாம்’ என்றே சொல்கின்றன. கட்சி கட்டிச் சண்டை போட்டாலும், எதிரே நிற்பவரையும் சேர்த்து ‘நாம்’ என்று சொல்ல மறந்துவிட்டால், அந்த இடைவெளி வழியாகத்தான் ஓநாய் வரும்.

முயலும் வாத்தும் திரும்பி வந்தனவா என்று கேட்காதீர்கள். பனி இறங்கினால் அக்கரையில் இப்போது மூன்று குரல் கேட்கிறதாம், நாங்கள், நாங்கள், நாங்கள் என்று.

கதவை யாரோ தட்டுகிறார்கள். யாரது?

“நாங்கதான், கதவைத் திற!”

என் நாத்தனார் குரல் மாதிரிதான் இருக்கிறது. இருங்கள் பிள்ளைகளே, நீங்கள் யாரும் எழுந்து போக வேண்டாம், முதலில் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வருகிறேன்.