ராஜாவின் ஒரு நாள், உள்ளது உள்ளபடி

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை உக்கிரவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். உக்கிரமெல்லாம் பேரில்தான். மற்றபடி வாரத்துக்கு ஒரு பித்துப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு வாரம் வீட்டுக்கு வீடு மயில் வளர்க்கச் சொன்னார். மறுவாரம் "என்ன இரைச்சல்!" என்று அத்தனை மயிலையும் பக்கத்து நாட்டுக்கு விரட்டச் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கப்பலில் ஒரு தத்துவக்காரர் வந்து இறங்கினார். "எங்கள் தேசத்துக் கலைஞர்கள் அழகு, அலங்காரம் என்று அலட்டிக்கொள்வதில்லை. இயற்கை எப்படியோ அப்படியே. சிரங்கு என்றால் சிரங்கு. பேன் என்றால் பேன்" என்று சொல்லி, விருந்து சாப்பிட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்.

ராஜா துள்ளிக் குதித்தார். "இனி இங்கேயும் உள்ளது உள்ளபடி! கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. மீறினால் நாக்கு போகும்!"

அவ்வளவுதான், ஊரே தலைகீழானது. ஓவியர் ராணியைத் தும்மும்போது வரைந்துவைத்தார். தாமரைக் குளத்தைப் பாடியவர்கள் அதில் கிடந்த எருமையைப் பாடினார்கள், எருமை போட்ட சாணியையும் சேர்த்து. அரண்மனைக் கட்டியக்காரரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராஜாதி ராஜ, ராஜமார்த்தாண்ட, நேற்றிலிருந்து மூன்று தரம் வயிற்றாலே போன உக்கிரவர்ம மகாராஜா வருகிறார், பராக்!" என்று முழங்கினார்.

பூவாயிக்குச் சிரித்துச் சிரித்து விலாவே வலித்தது. அவள் கூத்துக்காரி. யார் குரலானாலும் ஒருமுறை கேட்டால் போதும், நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அவளுடைய கூத்தென்றால் ராஜாவுக்கு உயிர். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுகூடக் கொட்டக் கொட்ட விழித்திருந்து பார்ப்பார். ஆஸ்தானப் புலவர் மந்திரமூர்த்திக்கு அதுதான் வயிற்றெரிச்சல். மத்தியானம் அவர் பாடும் நேரம்; கூத்து நடந்தால் அவர் பாட்டு கிடையாது. பாட்டுக்கு ராஜா ஒருமுறை தலையாட்டினால் புலவருக்கு ஒரு பட்டு என்பது அரண்மனை வழக்கம்.

புலவர் சபையில் எழுந்தார். "மகாராஜா, புதுச் சட்டம் கூத்துக்கும் உண்டுதானே? இந்தப் பெண் ஒரு நாள் முழுக்கத் தங்கள் பக்கத்திலேயே நிற்கட்டும். அந்த நாளை அப்படியே நடித்துக் காட்டட்டும். ஒரு இம்மி பிசகினாலும் நாக்கு!"

"பலே!" என்றார் ராஜா.

பூவாயி யோசித்தாள். உள்ளபடி நடித்தால் ராஜாவுக்குக் கோபம் வரும். பூசி மெழுகி நடித்தால் நாக்கு போகும். நாக்கில்லாத கூத்துக்காரி என்ன செய்வாள்? ஆனாலும், "ஆகட்டும் மகாராஜா" என்று சொல்லிவிட்டு, விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை ஒரு நாள் முழுக்கத் தூணோடு தூணாக நின்று பார்த்தாள்.

மறுநாள் காலை சபை கூடியது. பூவாயி நடு மண்டபத்தில் பாயை விரித்தாள். படுத்தாள். குறட்டை விட்டாள்.

"கொர்ர்ர்..."

சபை சிரித்தது. ராஜாவும் சிரித்தார். ஒரு நாழிகை ஆயிற்று. கொர்ர்ர். இரண்டு நாழிகை. கொர்ர்ர். இடையில் ஒருமுறை தொடையைச் சொறிந்துகொண்டு புரண்டு படுத்தாள். சேனாபதிக்குக் கால் மரத்துப்போனது.

"அடி பெண்ணே, எப்போது எழுந்திருப்பாய்?" என்றார் ராஜா.

பூவாயி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். "தாங்கள் எழுந்தபோது வெயில் கோபுரத்தின் பாதிக்கு வந்திருந்தது மகாராஜா. இன்னும் மூன்று நாழிகை இருக்கிறது."

"ஐயோ, அதை விட்டுத் தொலை!"

"விட்டால் குறைத்ததாகும். நாக்கு போகும்."

"நானே சொல்கிறேன், விடு!"

"அப்படியென்றால் ஓலையில் ஏறட்டும், மகாராஜா."

ஓலைக்காரர் எழுதினார்: சலிப்பானதை விடலாம்.

அடுத்து எண்ணெய்க் குளியல். பூவாயி இல்லாத எண்ணெயை இல்லாத தொந்தியில் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். ராஜா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"போதும் தாயே! சாரமானதை மட்டும் காட்டு."

"எது சாரம், எது சக்கை என்று யார் முடிவு செய்வது?"

"நீதான் முடிவு செய்! ஆளை விடு!"

"ஓலைக்கார ஐயா, எழுதியாயிற்றா?"

"ஆயிற்று அம்மா."

பூவாயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "சரி. நேற்று மத்தியானம், சாப்பாட்டுக்குப் பின்."

புலவர் முகம் வெளுத்தது. "மகாராஜா, மத்தியானத்தில் சாரமே கிடையாது! அதை விடச் சொல்லுங்கள்!"

"அதை அவள் முடிவு செய்வாள். ஓலையில் இருக்கிறது" என்றார் ராஜா.

பூவாயி சிம்மாசனத்தில் இருப்பதுபோல் அமர்ந்தாள். அரைக்கண் மூடினாள். தலை மெல்லத் தொங்கி, வெடுக்கென்று நிமிர்ந்தது. உடனே துள்ளி எழுந்து மறுபக்கம் நின்றுகொண்டு, புலவரின் மூக்கடைத்த குரலை அப்படியே எடுத்தாள்.

"தலையாட்டிவிட்டார்! இது நாலாவது பட்டு! அடேய் சாமரம், காற்றைக் குறைத்து வீசு, விழித்துக்கொள்ளப் போகிறார். பாட்டாவது மண்ணாவது! நான் பாடுவது போன வருஷத்துப் பாட்டு. இந்த ஆளுக்கு வெண்பாவும் ஒன்றுதான், வெண்பொங்கலும் ஒன்றுதான்!"

சாமரம் வீசுகிறவன் தானாகவே முன்னால் வந்து, "சத்தியமாக இதையேதான் சொன்னார், மகாராஜா" என்றான்.

"இத்தனை வருஷமாக நான் ரசித்ததெல்லாம் தூக்கமா?" என்று ராஜா உறுமினார். அப்புறம் ஏனோ அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "புலவரே, வாங்கின பட்டெல்லாம் வரட்டும். பூவாயியின் கூத்துக்குத் திரை தைக்கலாம். உமக்குத் தண்டனை வேண்டாம். விட்டுப்போன மூன்று நாழிகைக் குறட்டையை நீர் ஒருவரே உட்கார்ந்து கேளும். ஒவ்வொரு கொர்ருக்கும் 'ஆகா' சொல்ல வேண்டும். தலையாடினால் தொலைத்துவிடுவேன்!"

அன்றோடு சட்டம் ஒழிந்தது. கட்டியக்காரரும் ராஜாவின் வயிற்றை விட்டுவிட்டார்.

சபை கலைந்ததும் ராஜா பூவாயியை அருகே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினார். "உண்மையைச் சொல். என் குறட்டை அவ்வளவா?"

"இல்லை மகாராஜா."

ராஜாவின் முகம் மலர்ந்தது.

"சபை ஓடிவிடக் கூடாதே என்று பாதியாகக் குறைத்துத்தான் விட்டேன். சந்தேகமிருந்தால் ராணியம்மாவைக் கேளுங்கள்."

பக்கத்தில் இருந்த ராணி அவசர அவசரமாக மேலே உத்தரத்தைப் பார்த்துக்கொண்டாள்.