எட்டடி பேஸ்மென்ட்

மதுரைக்கும் நெல்லைக்கும் நடுவே தனியார் பணத்தில் பயணிகள் ரயில் விடுகிறேன் என்று கிளம்பினார் ரத்தினசபாபதி. வழியிலிருந்த நாணல் கண்மாயைச் சுற்றிப் போனால் செலவாகும் என்று, திட்டத்தில் கண்மாய்க்குள்ளேயே பாதையையும் ஒரு ஸ்டேஷனையும் வைத்துவிட்டார்.

பணம் போடுகிற ஆறு பேர் வந்து உட்கார்ந்த அன்று, நிலத்தை அளந்து வரைபடம் போட்ட செண்பகவல்லியைக் கூப்பிட்டார். 'இந்த இடத்தில் தண்ணீர் நிற்காது' என்று அடித்திருந்த தாளை அவள் முன்னால் தள்ளினார்.

"அளந்தது நீதானே, கையெழுத்துப் போடு. இல்லைன்னா நாளையிலேர்ந்து வேலைக்கு வர வேண்டாம்."

ஐப்பசியில் அங்கே இடுப்பளவு தண்ணீரில் நின்றவள் அவள். ஆறு பேரும் அவள் கையையே பார்த்தார்கள்.

"போடுறேன் சார். அதுக்கு முன்னாடி இதுல நீங்க ஒரு கையெழுத்து." இன்னொரு வரைபடத்தை விரித்தாள். "ஸ்டேஷன் பக்கத்துல உங்க கெஸ்ட் ஹவுஸ். பேஸ்மென்ட்டை எட்டடி தூக்கச் சொல்லியிருந்தீங்க. தண்ணிதான் நிக்காதே, வீண் செலவு எதுக்குன்னு தரையோட தரையா இறக்கிட்டேன்."

ரத்தினசபாபதி பேனாவைத் திறந்தார். கை தாளுக்குப் போகவில்லை. மறுபடி மூடினார்.

ஆறு பேரில் மூத்தவர் தன் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

"அவர் போட்டதும் சொல்லும்மா. நாங்களும் போடுறோம்."

இப்போது பாதை கண்மாயைச் சுற்றிப் போகிறது. கெஸ்ட் ஹவுஸ் வரைபடம் மட்டும் இன்னும் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.