தனியாவின் மானம்

ஒரு வாடகை வீட்டுச் சமையலறையில் ஒரு தனியா விதை இருந்தது. டப்பாவின் அடியில் பழசாகிக் கிடந்த கூட்டத்தில் அதுவும் ஒன்று. ஆனால் தன்னை அப்படி அது ஒரு நாளும் நினைத்ததில்லை.

"நான் முழு ஆள். என் உருண்டையில் ஒரு குறை சொல், பார்க்கலாம்!" என்று பக்கத்து டப்பா உளுத்தம்பருப்பிடம் அளக்கும்.

"நானும் முழுசாக இருந்தவன்தான் தம்பி. மில்லில் போட்டு உடைத்துத் தோலை உரித்தார்கள். முளையும் அதோடு போச்சு. இனி மண்ணில் போட்டால் மக்கத்தான் லாயக்கு. நீயாவது உடையாமல் பார்த்துக்கொள்" என்றது பருப்பு.

தனியாவுக்கு அது நெஞ்சில் தைத்தது. அதற்கு இருந்தது ஒரே ஆசை, முளைக்க வேண்டும். மண்ணையே பார்க்காமல் குப்பைக்குப் போய்விடக் கூடாது.

அந்த வீட்டுக் கோமளாவுக்கும் ஓர் ஆசை இருந்தது. மொட்டை மாடியில் தோட்டம் போட வேண்டும். கையில்தான் காசு இல்லை. அதற்காக விட்டுவிடுகிற ஆளா அவள்? கிழிந்த அரிசிச் சாக்கை மடித்துத் தொட்டியாக்கினாள். பக்கத்தில் வீடு கட்டத் தோண்டிய மண்ணைக் கேட்டு வாங்கி வந்தாள். காய்த்தோலும் டீத்தூளும் மக்கி உரமாயின. அரிசி களைந்த தண்ணீர்கூட மாடி ஏறியது. விதைக்கு மட்டும் கடைக்குப் போவாளா? டப்பாவைத் திறந்து இருந்த தனியாவில் பாதியை அள்ளிப்போய்த் தூவினாள். நம் தனியா அடியிலேயே தங்கிவிட்டது.

நாட்கள்தான் போயின. பச்சை என்று பேருக்குக்கூட ஒன்று எட்டிப் பார்க்கவில்லை.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு பிலோமினா சிரித்துவிட்டாள்.

"முழுசாவாடி போட்ட? அது எப்ப முளைக்கிறது! ரெண்டா உடைக்கணும். செருப்பை எடுத்து நல்லாத் தேய்."

"செருப்பாலயாக்கா? சாப்பிடற சாமானாச்சே!"

"கழுவிட்டுத் தேய். கல்லால தட்டுனா நசுங்கிடும். ரப்பர்தான் பதமா உடைக்கும்."

"இதுவும் முளைக்கலேன்னா சாக்கை உதறிக் கொட்டிட்டு விட்டுடுவேன்க்கா. எங்க வீட்டுக்காரரு இப்பவே கிண்டல் பண்றாரு."

மிச்சமிருந்த தனியாவைப் பேப்பரில் பரப்பினாள் கோமளா. செருப்பைக் கண்டதும் நம் தனியாவுக்கு ரத்தம் கொதித்தது. உருண்டுபோய்ப் பேப்பர் மடிப்புக்குள் பதுங்கிக்கொண்டது.

"செருப்படி பட்டு ஒரு பிழைப்பா? தூ! உடைந்த பருப்பு படுகிற பாட்டையும் பார்த்தவன் நான்."

"மானத்தைப் பற்றி என்னிடமா பேசுகிறாய்?" என்றது செருப்பு. "என்னை ஒருவரும் வாசலைத் தாண்ட விட்டதில்லை. யாரையாவது கேவலமாகத் திட்டத்தான் என் பேரை எடுப்பார்கள். இன்றைக்குத்தான் கழுவித் துடைத்து ஒரு நல்ல காரியத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கெடுத்துவிடாதே. நான் மில் இல்லை. உன்னை உரிக்க மாட்டேன், திறந்துதான் விடுவேன்."

தனியா யோசித்தது. மடிப்பிலேயே கிடந்தால் மானம் மிஞ்சும். பேப்பரை உதறும்போது அந்த மானத்தோடு குப்பைக்குப் போகலாம். பயம் தீரவில்லை. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே உருண்டது.

சரக்கென்று ஒரு தேய்ப்பு. உயிர் போகிற வலி. அப்புறம் ஒரே வெளிச்சம். எதிரே தன் சாயலிலேயே ஒரு பாதி கிடந்தது.

"யார் நீ?"

"நல்லா கேட்டாய் போ! இத்தனை காலமும் உன் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டுதானே இருந்தேன்? நீ 'நான், நான்' என்று பேசியதில் பாதி என் குரல்."

தனியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எந்தப் புண்ணியவான் தனக்குத் தனியா என்று பேர் வைத்தானோ! அதை நம்பியல்லவா இத்தனை நாள் ஒற்றையாளாக ஜம்பம் அடித்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

இரண்டும் அருகருகே மண்ணுக்குள் போயின. ஒரு காலையில் சாக்கு முழுக்கப் பச்சை. கோமளா புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். கிண்டல் பண்ணிய மனிதர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ரசத்துக்கு ஆச்சுடி!" என்றார்.

அதைப் பார்த்த பிலோமினாவால் சும்மா இருக்க முடியவில்லை. தன் வீட்டு டப்பாவோடு மாடி ஏறிப் பேப்பரை விரித்தாள்.

"ஐயையோ, செருப்பு!" என்று ஒரு தனியா அலறியது.

சாக்கிலிருந்து இரண்டு முளைகள் ஒன்றாகக் குரல் கொடுத்தன:

"பயப்படாதே! உள்ளே உனக்கு ஆள் இருக்கிறது."