தடித்த தந்தி

“கடைசி ஸ்க்ரூவை என்னைக்கு என் கையில குடுப்பீங்க, டீச்சர்?”

கேட்டவர் துரைக்கண்ணு. கேட்டபோது அவர் தலை கிராண்ட் பியானோவின் வயிற்றுக்குள் இருந்தது. கேள்வி தந்திகளில் பட்டு ஒருமுறை முழங்கி அடங்கியது.

ஹெப்சிபா டீச்சர் மேடையோரம் காலைத் தொங்கப்போட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். 

டீச்சர் வயதில் துரைக்கண்ணுவுக்கு மருமகள் இருக்கிறாள். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் பியானோ சீர்செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ள டீச்சரிடம் வந்து சேர்ந்தார். கழற்றுவார், துடைப்பார், தேய்ப்பார், மாட்டுவார். போகிற இடமெல்லாம் கருவிப் பையைத் தோளில் சுமந்து வருவதும் அவர்தான்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் உண்டு. கட்டைகளையும் சுத்திகளையும் உள்ளே தள்ளி, முன்பலகையை வைத்து, கடைசி ஸ்க்ரூவை முடுக்குகிறவர் யாரோ அவரே அந்தப் பியானோவுக்குப் பொறுப்பு. நடுக் கச்சேரியில் ஒரு கட்டை மக்கர் செய்தால் எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அந்த ஸ்க்ரூவை டீச்சர் இதுவரை யாரையும் தொடவிட்டதில்லை.

“இன்னைக்குக் கச்சேரிக்கு எங்க வீட்டம்மாவும் வர்றா,” என்றார் துரைக்கண்ணு, தலையை வெளியே எடுத்து.

“மனோரஞ்சிதம் அக்காவா? வரட்டுமே.”

“அவ என்ன சொல்றா தெரியுமா? ‘இந்த வயசுல அந்தப் பொண்ணுக்குப் பை தூக்கிட்டுத் திரியறீங்களே’ங்கறா. இது நான் மூடின பியானோன்னு அவகிட்ட ஒரு தடவையாவது சொல்லணும், டீச்சர்.”

 இத்தனை வயதில் இப்படிக் கெஞ்சுகிறோமே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

டீச்சர் ஒரு சுளையை அவரிடம் நீட்டினார்.

“முதல்ல வேலைய முடிங்க, அண்ணே.”

வேலை இதுதான். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தி எழும்பித் தந்தியை அடிக்கும். ஆனால் கட்டை அந்தச் சுத்தியைத் தந்தி வரைக்கும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் கூடாது. சற்று முன்னாலேயே விட்டுவிட வேண்டும். மிச்ச தூரத்தைச் சுத்தி தானாகப் போய், அடித்துவிட்டு விழ வேண்டும். எந்த இடத்தில் விடுவது என்பதற்கு ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு திருகு உண்டு.

ரொம்பத் தள்ளி விட்டால் மெல்ல வாசிக்கும்போது ஒலி எழும்பாது. எவ்வளவு கிட்டே கொண்டுபோய் விடுகிறோமோ அவ்வளவு கெட்டிக்காரத்தனம் என்பது துரைக்கண்ணுவின் கட்சி.

சட்டைப் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். உள்ளே தொழிற்சாலைக் காலத்து இரும்புத் தகடுகள் இருந்தன. இடைவெளி அளக்கிற, காகிதம் போன்ற தகடுகள். சுத்திக்கும் தந்திக்கும் நடுவே அவற்றை வைத்து ஒவ்வொரு திருகாகத் திருப்பினார். முதுகு பிடித்துக்கொண்டது. அவர் வேலையை விடவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் நிமிர்ந்தார்.

“வந்து பாருங்க, டீச்சர். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இடைவெளி. இந்தத் தகடு நுழையும். இதுக்கு அடுத்தது நுழையாது.”

டீச்சர் வலது பக்கக் கட்டைகளை மெல்ல வருடினார். மெல்லிய தந்திகள் கிசுகிசுத்தன.

“அழகா இருக்கு.”

துரைக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. கை ஸ்க்ரூடிரைவரைத் தேடியது.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும்,” என்ற டீச்சர், இடது கோடியில் செம்பு சுற்றிய தடித்த தந்தியைக் காட்டினார். “இது எவ்வளவு பருமன்?”

இதெல்லாம் ஒரு கேள்வியா என்று துரைக்கண்ணு சிரித்தார். பருமன் அளக்கிற காலிப்பரை வைத்துப் பார்த்தார்.

“அஞ்சரை மில்லிமீட்டர்.”

டீச்சர் ஒலியை நிற்கவிடும் பெடலை மிதித்துக்கொண்டு அந்தத் தந்தியின் கட்டையை ஓங்கி அடித்தார். மண்டபம் அதிர்ந்தது. மேடைப் பலகையில் இருந்த ஆரஞ்சுத் தோல் நகர்ந்தது.

“இப்ப அளங்க.”

துரைக்கண்ணு குனிந்தார். ஆடிய வேகத்தில் தந்தியைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் அகலமாக ஒரு செம்பு மங்கல்தான் இருந்தது. காலிப்பரைக் கிட்டே கொண்டுபோனார். ‘ட்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்டது. ஒலி செத்துப்போனது.

“தொட்டா நின்னு போகுதே, டீச்சர்.”

“ம்.”

டீச்சர் மறுபடி ஓங்கி அடித்தார். ஒலி நிறைந்து நின்றது.

“இப்ப அதே கட்டைய நீங்க மெதுவா அழுத்துங்க.”

அழுத்தினார். சுத்தி எழும்பியது. மிகக் கிட்டே, அவர் அளந்து வைத்த அதே இடம் வரைக்கும் வந்தது. அதே ‘ட்ர்ர்ர்’. அவ்வளவு பெரிய ஒலி இருமிக்கொண்டே அடங்கியது.

பக்கத்துக் கட்டையை அடித்துப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். தடித்த தந்திகள் எல்லாவற்றிலும் அதே கதை.

அவர் முகம் சுண்டிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நான் அளந்தது தப்பா?”

“அளவு சரிதான்.”

“அப்புறம்?”

டீச்சர் பலகையில் கிடந்த ஆரஞ்சுத் தோலைப் பொறுக்கினார்.

“நாலு மணிக்கு வாசிக்கிறவர் வந்துடுவாரு. நீங்களே சரி பண்ணிடுங்க, டீச்சர். எனக்கு அந்த ஸ்க்ரூவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

டீச்சர் மேடையோரம் போய் இன்னொரு ஆரஞ்சை எடுத்தார்.

“சரி, எவ்வளவு இடம் விடணும்? நம்பரையாவது சொல்லுங்க.”

“எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அதுகிட்டக் கேளுங்க.”

துரைக்கண்ணு டீச்சரைப் பார்த்தார். உள்ளூர ஒரு கோபம் வந்தது. அப்புறம் அந்தத் தடித்த தந்தியைப் பார்த்தார்.

கட்டையை ஓங்கி அடித்தார். காத்திருந்தார். மங்கல் எதுவரைக்கும் பரவுகிறது என்று குனிந்து பார்த்தார். திருகை ஒரு துளி திருப்பினார். மறுபடி அடித்தார்.

இரண்டாவது தந்தி முதலாவதைவிடக் கொஞ்சம் குறைவாக ஆடியது. மூன்றாவது முரடு. அடுத்ததற்குப் போகும்போது தகட்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. மெலிந்த தந்திகளின் பக்கம் வர வர, திருப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

மண்டபத்துக்காரர் மேடை விளக்கைப் போட்டபோதுதான் நிமிர்ந்தார்.

டீச்சர் வந்து இடது கோடியில் ஓங்கி அடித்தார். அதன்மேலேயே மெல்ல அழுத்தினார். ஒலி தன் பாட்டுக்கு நின்று, நிதானமாக அடங்கியது.

“எவ்வளவு விட்டிருக்கீங்க?”

கேட்டால் எண் சொல்லாமல் துரைக்கண்ணு இருந்ததே இல்லை. கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. வெறுமனே திரும்பி வந்தது.

“அளக்கல, டீச்சர்,” என்றார். “அது கேட்டதை விட்டேன்.”

அரங்கின் கதவு திறந்தது. பட்டுப் புடவையும் கைப்பையுமாக மனோரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் ஸ்க்ரூடிரைவரைக் கட்டைகளின் மேல் வைத்தார். குனிந்து, கருவிப் பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

“மூடிட்டு வாங்க, அண்ணே. பைய நான் தூக்கிட்டுப் போறேன்.”