பூசணிக்கு எடுத்த ஆரத்தி

காலை நீட்டிப் படு பாப்பா. போர்வைய உதைக்காத. பெரியம்மா சொல்லச் சொல்ல ‘ம்’ போடணும், சரியா?

ஒரு ஊர்ல ஒரு குண்டுக் குதிரை இருந்துச்சாம். ஊருன்னா மலை மேல ஊரு. லாரியெல்லாம் அடிவாரத்தோட நின்னுரும். எலுமிச்சம்பழ மூட்டைய குதிரைதான் கீழ கொண்டுபோவணும், அரிசி மூட்டைய மேல கொண்டுவரணும். அங்க ஒச்சாயின்னு ஒரு அக்கா தனியா இருந்தா. அவளுக்குன்னு அவ அண்ணன் விருமன் டவுன்ல ஒரு குதிரைய சல்லிசா புடிச்சுட்டு வந்தான். எந்தக் குதிரை தெரியுமா? மாப்பிள்ளைய ஏத்திக்கிட்டு கல்யாண ஊர்வலம் போற குதிரை!

ம்?

ஊர்வலத்துல என்ன வேலை? நாலு எட்டு வைக்கணும், நிக்கணும். வாசலுக்கு வாசல் மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுத்துவாங்க, மேளக்காரன் கொட்டிக்கிட்டே ஆடுவான், இது சும்மா நின்னு லட்டு திங்கும். தின்னு தின்னு பூசணிக்கா கணக்கா ஆயிருச்சு. அதனால ஒச்சாயி அதுக்குப் பூசணின்னே பேரு வெச்சா.

அப்புறம் மூட்டைய ஏத்துனாளா? டொக்கு, டொக்கு, டொக்கு... ஒரு வாசல் வந்துச்சு. நின்னுருச்சு! அடுத்த வாசல்லயும் நின்னுருச்சு. மேட்டுல பாதி ஏறுறதுக்குள்ள புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு வாங்குது. ஊரே கைகொட்டிச் சிரிக்குது. விருமனுக்கு மானம் போச்சு. “ஏ ஒச்சாயி, தை பொறக்கட்டும். அதுக்குள்ள மூட்டையோட இந்த மேட்ட ஏறலேன்னா வித்துருவேன்”னுட்டான்.

வந்த நாள்லேர்ந்து பூசணி ஒச்சாயி தோள்ல தாடைய வெச்சுக்கிட்டுத்தான் தூங்கும். எப்படி விடுவா?

மொதல்ல குச்சி எடுத்தா. சளீர்! பூசணி வாலை ஆட்டுச்சு, அவ்வளவுதான். அடிச்சவதான் அழுதா.

அப்புறம் தெம்பு பத்தலையோன்னு கொள்ளுப் பயற ஊறவெச்சு ஊறவெச்சுப் போட்டா. தின்னுச்சு. இன்னும் ஊதிப்போச்சு! மூட்டையக் கட்டுற வயித்து வாரு எட்டவே மாட்டேங்குது.

அப்புறம் கத்திப் பாத்தா. “ஹை, ஹை, நட, நட, ஹை”ன்னு ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தடவை. உன்னைக் காலையில உங்கம்மா எழுப்புவால்ல, “எந்திரி எந்திரி எந்திரி”ன்னு, நீ காதுல போட்டுக்குவியா? அதுவும் போட்டுக்கல. கத்திக் கத்தி ஒச்சாயிக்குத் தொண்டை கட்டிக்கிச்சு.

மறுநாள் பேச்சே வரல. கழுத்தத் தடவி, காத்து மாதிரி, “போலாமா?”ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. மறுபடி சொல்லத் தொண்டை இல்ல. பேசாம நின்னா. அப்போ பூசணியோட ஒரு காது மெதுவா அவ பக்கம் திரும்புச்சு. புர்ர்ர்ர்... டொக்கு, டொக்கு. நடந்துருச்சு! நடக்கும்போதும் அவளால கத்த முடியல. அது பாட்டுக்குப் போச்சு.

அடியேய், இதானா சங்கதின்னு புரிஞ்சுக்கிட்டா. அதுலேர்ந்து ஒரு தடவை கேப்பா, காத்திருப்பா, நடந்தா வாயத் தொறக்க மாட்டா. கொள்ளக் கொறச்சா, புல்ல முன்னால போட்டா. மொதல்ல வெறும் முதுகோட சமதரையில நடை. அப்புறம் சின்ன மேடு. மூச்சு வாங்குனா நிறுத்தி, அடங்குனதும் திரும்பி வருவா. நல்லா நடந்தப்புறம் அரை மூட்டை. மழை நாள்லயும் தலையில சாக்கப் போட்டுக்கிட்டு ஒரு சுத்து கூட்டிப்போவா. நாலு நாள் சும்மா நிக்க விட்டா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்ல?

ம் சொல்லு... ம், முழிச்சுத்தான் இருக்க.

தை வந்துச்சு. மேட்டு உச்சியில விருமன் நிக்கிறான், பக்கத்துல கயிறோட ஒரு வியாபாரி. ஒச்சாயி முழு மூட்டைய ஏத்திட்டு வர்றா. டொக்கு டொக்குன்னு பாதி மேடு ஏறியாச்சு. அப்போ பாத்து ஒரு வீட்டுல காதுகுத்து. டண்டணக்கா டண்டணக்கா! மேளம்!

பூசணி நின்னுருச்சு.

வியாபாரி சிரிச்சான். ஒச்சாயிக்குக் கத்தணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு, “போலாமா?”ன்னா. ஒரே தடவை. மேளம் கொட்டுது. கண்ணுல தண்ணி முட்டுது. மறுபடி கேக்கல.

ஒரு காது திரும்புச்சு. புர்ர்ர்ர்! டொக்கு, டொக்கு, டொக்கு, உச்சி வரைக்கும்!

ஒச்சாயி வீட்டுக்குள்ள ஓடி மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு கலக்கி ஆரத்தித் தட்டோட வந்தா. “யாருக்கும்மா இது?”ன்னான் விருமன்.

“எத்தனை வாசல்ல நின்னுருக்கும்ணே! எல்லாரும் முதுகுல இருந்த மாப்பிள்ளைக்குத்தான் சுத்துனாங்க. இதுக்கு யாரு சுத்துனா?”ன்னு சொல்லி மூணு சுத்து சுத்தி, பூசணி நெத்தியில பொட்டு வெச்சா. அது அசையாம நின்னுச்சு. விருமன் வியாபாரிய அனுப்பிட்டு, மூட்டைய அவனே இறக்கி வெச்சான்.

பாப்பா?

‘ம்’மைக் காணோம். நாளைக்கு உங்கம்மாகிட்ட உன்னை ஒரே தடவை எழுப்பச் சொல்றேன், காத்திருக்கச் சொல்றேன். பூசணியும் படுத்தாச்சு, கதையும் படுத்தாச்சு, நீயும் தூங்குடி கண்ணு.