ஆளே இல்லாமல் ஓடிய ஆப்

வேலாயுதம் மடத்துக்கு வந்தபோது சாமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சாமிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சீடர் வேலாயுதத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் கம்பெனி வைத்து நடத்துகிறவர். அலுத்துப்போனால்தான் இந்தப் பக்கம் வருவார். அன்றைக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, மனுஷன் தூங்கி நாளாயிற்று என்று.

"உட்காருங்க," என்றார் சாமி. ஒரு கொத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

வேலாயுதம் கீரையைத் தொடவில்லை.

"ஒருத்தர் என்னை ஏமாத்திட்டார் சாமி. நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் போகுது. அதுக்கு முன்னால உங்க காதுல போட்டுடலாம்னு வந்தேன்."

"யாரு?"

"ஜெபசிங்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம். ஸ்கூல் வேன் எங்க வருதுன்னு அம்மாக்கள் போன்ல பார்த்துக்கிற மாதிரி ஒரு ஆப். தனியா உட்கார்ந்து செஞ்சு வெச்சிருந்தார். தை மாசம் அதை நான் வாங்கினேன்."

"சரியில்லையா?"

"அருமையான சரக்கு. அலசிப் பார்த்துத்தான் வாங்கினோம். சம்பளத்துக்கு ஒரு ஆள் கிடையாது. ஆளே இல்லாம தானா ஓடுதேன்னு ஆபீஸே சந்தோஷப்பட்டுச்சு. வாங்கினதுக்கப்புறம் ஒரு எழுத்துகூட மாத்தலை. ஆனா வேன்காரங்க ஒவ்வொருத்தரா ஆப்பை விட்டுட்டுப் போறாங்க. எதையோ கொடுக்காம மறைச்சு வெச்சுக்கிட்டார். அப்படி மறைச்சா, திரும்ப வந்து ஒரு வருஷம் எங்களுக்கு வேலை பார்க்கணும்னு ஒப்பந்தத்துல இருக்கு. வர வைக்கப் போறேன்."

சாமி ஒரு காம்பை உருவினார்.

"கொடுத்தது என்னென்ன?"

"புரோகிராம், சர்வர், பேரு, எல்லாம். அவர் போன் நம்பரைக்கூடக் கொடுத்துட்டார். வேன்காரங்களுக்கு அதுதான் பழக்கமாம்." சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். "இதோ, சைலண்ட்ல கிடக்குது. காலையில அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சுடுது. ஆபீஸ்ல எவனும் இதைக் கையில வாங்க மாட்டேங்குறான்."

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சட்டைப்பையில் போன் நடுங்கியது. வேலாயுதம் அசையவில்லை. நின்றது. மறுபடி நடுங்கியது.

சாமி கையை நீட்டினார். வாங்கி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, எடுத்துட்டியளா? எத்தனை நாளா கூப்புடுதேன். டயரு பஞ்சரு அண்ணாச்சி. ஸ்டெப்னி மாத்திக்கிட்டு நிக்கேன். வண்டி ஒரே இடத்துல நிக்கிறதப் போன்ல பாத்துட்டு அம்மாமாரு விடாம அடிக்காவ. நான் போன எடுக்கவா, டயரக் கழட்டவா?"

"பிள்ளைங்க?" என்று கேட்டார் சாமி.

"புளியமரத்து நிழல்ல வெளாடுதுவ. ஒரு கொறையும் இல்ல." குரலில் சந்தேகம் தட்டியது. "நீங்க அண்ணாச்சி இல்லியே?"

"இல்லப்பா. அவர் இருந்தா என்ன செய்வார்?"

"என்ன செய்வாக, எல்லா வீட்டுக்கும் ஒரு சேதி போட்டு விடுவாக. பஞ்சரு, பிள்ளைக நல்லாருக்குன்னு. அண்ணாச்சி சொல்லிட்டாகன்னா அப்புறம் ஒருத்தியும் கூப்புட மாட்டா."

சாமி போனை வேலாயுதத்திடம் நீட்டினார். "போட்டு விடுங்க."

"இதை ஆட்டோமேட்டிக்கா அனுப்ப எங்க பசங்ககிட்ட சொல்லி..."

"அதை அப்புறம் சொல்லலாம். அந்தப் பொம்பளைங்க வாசல்ல நிக்கிறாங்க."

வேலாயுதம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அந்த வண்டியின் குரூப்பைத் தேடிப் பிடித்து, ஒற்றை விரலால் தட்டி அனுப்பினார். பதில்கள் வந்து விழுந்தன. சரி அண்ணாச்சி. சரிங்க அண்ணாச்சி. மழை வர்ற மாதிரி இருக்கு, சீக்கிரம் வரச் சொல்லுங்க அண்ணாச்சி.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் இப்படியா இருந்திருப்பார்?"

"எனக்கென்ன தெரியும்? நீங்கதானே அலசிப் பார்த்து வாங்கினீங்க."

போன் மறுபடி நடுங்கியது. இந்தத் தடவை வேலாயுதமே எடுத்தார். வேறொரு வேன்காரர். "சரிப்பா, போடறேன்," என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒற்றை விரலால் தட்டினார். முடித்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அசதியா இருக்கு சாமி."

"இருக்கும்." சாமி கடைசிக் கொத்தை எடுத்தார். "ஜெபசிங் இப்போ எப்படி இருக்கார்?"

"அவருக்கென்ன, அதுதான் எரிச்சலே. விடிஞ்சு ஏழு மணி வரைக்கும் இழுத்துப் போர்த்தித் தூங்குறாராம். மகளை அவரே பள்ளிக்கூடத்துல கொண்டு போய் விடுறாராம். கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து இந்த மனுஷனை இப்படிப் பார்த்ததில்லைன்னு அவர் சம்சாரம் சொல்லுது."

சாமி ஆய்ந்த கீரையை முறத்தில் கொட்டித் தட்டினார்.

"அப்போ எதையும் மறைச்சு வெச்சுக்கலை. முழுசாத்தான் கொடுத்திருக்கார்."