இரண்டாவது தகடு

“அந்த விழாவுக்கு நான் போக மாட்டேன், சாமியம்மா.”

கர்னல் வேலப்பன் கடிதத்தைத் தரையில் வீசினார்.

போரில் வீரப் பதக்கம் வாங்கியவர். மனசு அடங்கணும் என்று இந்த மலை ஆசிரமத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. தினமும் பாத்திரம் கழுவுகிறார். பாத்திரம் மட்டும்தான் சுத்தமாகியிருக்கிறது.

ஆசிரமத்தை நடத்தும் துறவி சாமியம்மா அவரைவிட இருபது வயது சின்னவர். பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“யார் கூப்பிட்டிருக்காங்க?”

“செண்பகவல்லி. என் ஹவில்தார் பொன்னுரங்கத்தோட சம்சாரம். குடியாத்தம் பக்கம். அவங்க ஊர்ல எனக்குப் பாராட்டாம்.”

“பதக்கம் வாங்கினது பொய் சொல்லியா?”

“இல்லை. குண்டு விழுந்துக்கிட்டிருக்கும்போது மூணு பேரை ஒவ்வொருத்தரா முதுகுல சுமந்து இறக்கினேன். மூணு பேரும் உயிரோட இருக்காங்க. ஒருத்தன் தன் பேரனுக்கு என் பேரை வெச்சிருக்கான்.”

“அப்ப மாலையைப் போட்டுக்க வேண்டியதுதானே? கழுத்து வலிக்குதா?”

கர்னல் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன உலோகத் தகட்டை எடுத்து வைத்தார். அதில் பொன்னுரங்கத்தின் பெயரும் எண்ணும் இருந்தன.

“ஒவ்வொரு சிப்பாய் கழுத்துலயும் ரெண்டு தகடு இருக்கும். செத்துட்டா ஒண்ணை எடுத்துட்டு வந்து தகவல் சொல்லணும். இன்னொண்ணு உடம்போடயே இருக்கணும். பின்னால எடுக்க வர்றவனுக்கு இது யாருன்னு தெரியணும்ல?”

“ம்.”

“பொன்னுரங்கம் என் மடியிலதான் செத்தான். குளிர்ல விரல் மரத்துப்போச்சு. கத்தியால கயித்தை அறுத்தேன். ரெண்டும் கையோட வந்துடுச்சு. கீழே இறங்கினப்புறம்தான் பார்த்தேன்.”

சாமியம்மாவின் கத்தி நின்றது.

“ஒண்ணைப் பட்டாளத்துல கொடுத்தேன். இன்னொண்ணைக் கொடுக்கலை. மேல அவன் உடம்பைப் பனி மூடிடுச்சு. வெயில் காலத்துல வேற படை போச்சு. பேர் தெரியாத உடம்புன்னு அங்கேயே எரிச்சுட்டாங்க.”

“அப்பவாவது சொல்லியிருக்கலாமே?”

“அதுக்குள்ள பதக்கம் அறிவிச்சுட்டாங்க.”

இந்த ஒரு வரியைச் சொல்ல அவருக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது.

“அந்தம்மா வருஷா வருஷம் சித்திரையில எழுதும். ‘இப்ப பனி உருகியிருக்குமே ஐயா. அவர் கழுத்துல இன்னொரு தகடு இருக்கே, கிடைச்சா அனுப்பிடுவாங்கல்ல?’ நானும் ‘தேடுறாங்கம்மா’ன்னு பதில் போடுவேன்.”

சாமியம்மா தகட்டை எடுத்தார். முந்தானையில் துடைத்தார். கர்னலின் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தார்.

“பின்னால சுனை இருக்கு. ஆழம் யாருக்கும் தெரியாது. இதைத் தூக்கிப் போட்டுடுங்க. அப்புறம் ஒருத்தரும் கேட்க மாட்டாங்க. போட்டுட்டு சாப்பிட வாங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். சீக்கிரம். குழம்பு ஆறிடும்.”

கர்னல் சுனைக்குப் போனார். கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது.

“அடுத்த சித்திரையில என்ன பதில் எழுதுறது?”

சத்தமாகவே கேட்டுவிட்டார். அங்கே ஒரு தவளைதான் இருந்தது. அதுவும் உள்ளே குதித்துவிட்டது.

கீழே பாதையில் குடியாத்தம் பஸ் ஹாரன் அடித்தது.

சாமியம்மா இரண்டு இலை போட்டிருந்தார். பஸ் போன திசையைப் பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்துவிட்டார்.

கர்னல் தகட்டைச் சுனையில் போடவில்லை. சாப்பிடவும் வரவில்லை.